கையில் காசில்லை, மனசும் சரியில்லை: எங்கே போவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருஷமாக என் தம்பியை மாதம் ஒரு முறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகிறேன். ஆரம்பத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரில் எப்படியோ தெரிந்துபோனது. கேலி பேசுவார்கள் என்று நான் யாரை நினைத்துப் பயந்தேனோ அவர்களே ஒவ்வொருவராகத் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க அக்கா பொண்ணுக்கு ஒரு விஷயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. ஓ.பி. வரிசையில் நிற்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். தமிழ்நாட்டை வைத்தே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நாளை வரைக்கும் பொறுக்க முடியாது, இப்போதே உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது. என்ன செய்ய?

மற்ற கேள்விகளை அப்புறம் படிக்கலாம். 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. அவர்கள் உபதேசம் செய்ய மாட்டார்கள், நீங்கள் பேசுவதைக் கேட்பார்கள். ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுவிட்டாலோ, காயப்படுத்திக்கொண்டாலோ யோசிக்காமல் 108. தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு அங்கேயே உட்காருங்கள். காரணம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிலர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய 309-ஆம் பிரிவும் இல்லை. மருத்துவமனையில் பதிவேட்டில் எழுதுவார்கள், காவலர் வந்து இரண்டு கேள்வி கேட்கலாம். அது நடைமுறை. அதற்குப் பயந்து ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

வேலை இல்லை, காப்பீடு இல்லை. உண்மையிலேயே இலவசமாகச் சிகிச்சை கிடைக்குமா?

கிடைக்கும். தமிழ்நாட்டில் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். ஓ.பி. சீட்டுக்குப் பணம் இல்லை, மருத்துவரைப் பார்க்கப் பணம் இல்லை, மாத்திரைக்குப் பணம் இல்லை. 'முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டுமா?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிநோயாளியாகப் போய்க் காட்டுவதற்கு அது தேவையே இல்லை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆதார் கேட்டால் காட்டலாம். பெயர், வயது, ஊர், ஒரு போன் நம்பர் சொன்னால் எங்களுக்குச் சீட்டுப் போட்டுவிட்டார்கள்.

இது தயவும் அல்ல. நான் மேலே சொன்ன அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு பணம் கொடுக்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வீடு இல்லாதவர்களுக்கும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துபோனதாக நினைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் மாத்திரை சுலபமாகக் கிடைக்கும். நேரம்தான் கிடைக்காது. உட்கார்ந்து முக்கால் மணி நேரம் உங்கள் கதையைக் கேட்கும் ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இலவசம் என்றாலே பாதி உழைப்பு நம்முடையது. இதற்கப்புறம் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

யாரைப் பார்க்க வேண்டும்? மருத்துவரா, கவுன்சிலரா?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். நோய் என்னவென்று கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சை, சோதனைகள் எல்லாம் அவர் பொறுப்பு. மனநல சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். குடும்பத்தோடு பேசுவது, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு அதிகம் உதவியவர் அவர்தான், ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எங்களுக்கு மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் முதலில் மருத்துவரிடம்தான் அனுப்புவார்கள். அங்கேயிருந்து மற்றவர்களிடம் போக வேண்டும்.

முதல் நாள் எப்படிப் போவது? என்ன நடக்கும்?

காலை ஏழரை மணிக்கெல்லாம் வாசலில் இருங்கள். சீட்டுப் போடும் கவுன்ட்டரில் 'எந்தப் பிரிவு?' என்று கேட்பார்கள். பின்னால் நிற்பவருக்குக் கேட்டுவிடுமே என்று கூச்சம் வரும். எனக்கும் வந்தது. "தூக்கம் வரலைங்க" என்றுதான் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே மனநலம் என்று எழுதி அறை எண்ணைச் சொல்லிவிட்டார். அவர் காதில் அது ஒரு நாளைக்கு நூறு முறை விழும் சொல்.

மனநல ஓ.பி.க்கு வெளியே உள்ள பெஞ்சில் எல்லோரும் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. ஒரு நாள் எதிர்ப் பெஞ்சில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "மாத்திரை கவுன்ட்டர்ல இப்பவே ஒரு ஆளை நிப்பாட்டிடும்மா, பதினோரு மணிக்கு மேல கூட்டம் தாங்காது" என்றார். அதோடு கூச்சம் போயிற்று.

உள்ளே மருத்துவர் தூக்கம், பசி, கோபம், யாரோ பேசுவது போல் குரல் கேட்கிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்பார். அஞ்சு நிமிஷம் கிடைத்தால் அதிகம். பதற்றத்தில் முக்கியமானதைச் சொல்லாமல் வெளியே வந்துவிடுவோம். அதனால் அரைப் பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது ஆரம்பித்தது, இப்போது என்ன தொல்லை, இதனால் என்ன வேலை செய்ய முடியவில்லை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எவை. அந்தத் தாளில் கடைசி வரியாக நான் எப்போதும் எழுதுவது: 'கவுன்சிலிங் வேண்டும்.' கேட்கவில்லையென்றால் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வெளியே இன்னும் எண்பது பேர் இருப்பார்கள்.

கவுன்சிலிங் கேட்டேன், 'அதெல்லாம் இங்க இல்லை' என்கிறார்களே?

எங்களுக்கும் ஓர் இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து, அதே கட்டடத்தின் மாடியில் உளவியலாளர் அறை இருப்பதை அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாதான் சொன்னார். ஆகவே, ஒருவர் இல்லையென்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 'மாவட்ட மனநலத் திட்டத்து ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். இந்தப் பெயர் முக்கியம்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டின் சில மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்துக்கு. இப்போது மாநிலம் முழுக்க இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழு, மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் குறிப்பிட்ட கிழமைகளில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறது. உங்கள் பக்கம் எந்தக் கிழமை என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். சிறிய ஊர்களில் கூட்டம் குறைவு. ஜி.எச்.சில் அஞ்சு நிமிஷம் பார்த்த அதே மருத்துவர் அங்கே இருபது நிமிஷம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். பஸ் செலவும் மிச்சம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இன்னொரு வழியும் உண்டு. மேல்படிப்பு மாணவர்கள், பயிற்சி உளவியலாளர்கள் இருப்பார்கள். 'ஸ்டூடன்ட் பார்த்தாலும் பரவாயில்லையா?' என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். மேலே ஒருவர் கண்காணித்துக்கொண்டுதான் இருப்பார், அதோடு அவர்களுக்கு நேரமும் ஆர்வமும் இருக்கும். என் தம்பி வாயைத் திறந்து பேசியது அப்படி ஒரு பொண்ணிடம்தான். ஆறு மாதத்தில் படிப்பு முடிந்து அவர் போய்விட்டார், அது ஒரு வருத்தம்.

14416-ல் பேசினால் உண்மையில் பயன் உண்டா? சும்மா ஆறுதல் சொல்வார்களா?

டெலி மானஸ் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையின் மேற்பார்வையில் மாநிலத்துக்கு மாநிலம் மையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் முடியாத விஷயம் என்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அருகில் எங்கே நேரில் போகலாம் என்றும் சொல்வார்கள்.

இது வாராவாரம் ஒரே ஆளிடம் பேசும் சிகிச்சை ஆகாது. அடுத்த முறை வேறொருவர் எடுக்கலாம், மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வரலாம். அலுப்புதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்போது, வீட்டில் யாரையும் எழுப்ப மனமில்லாதபோது, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நேரில் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கும் முதல் படியாக இதையே சொல்கிறேன். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417. பெண்களுக்கு வீட்டில் அடி உதை என்றால் 181, முதியவர்களுக்கு 14567, குழந்தைகளுக்கு 1098.

தனியாரிடம் போகவே முடியாதா?

சென்னையில் ஓர் அமர்வுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்பது சாதாரணம். வருமானமே இல்லாதவருக்கு அது மலை. ஆனால் நடுவே சில இடங்கள் இருக்கின்றன. 1984-ல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு சென்னை அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கென்றே உருவானது. சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நடத்தியவர். தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, வசதி இல்லாதவர்களுக்கான புறநோயாளி மையங்களையும் நடத்துகிறது. இப்படிப்பட்ட இடங்களில் முதல் போனிலேயே கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "எனக்கு வருமானம் இல்லை. என்ன கட்டணம் குறைக்க முடியும்?" அவர்களுக்குப் பழகிய கேள்விதான்.

தனியாகத் தொழில் நடத்தும் உளவியலாளர்களிலும் வசதியில்லாத இரண்டு மூன்று பேரைக் குறைந்த கட்டணத்துக்குப் பார்ப்பவர்கள் உண்டு. விளம்பரம் செய்ய மாட்டார்கள், கேட்டால்தான் தெரியும். வாராவாரம் கட்டுப்படியாகாது என்றால், 'மாதம் ஒரு முறை வருகிறேன், நடுவே வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்கலாம். பேச்சு வழிச் சிகிச்சையில் பாதி, வீட்டில் செய்யும் பயிற்சிதானே.

ஒரு எச்சரிக்கை. 'மனநல ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற நிலைதான் இன்று. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம். மூன்றே அமர்வில் குணம், இருபதாயிரம் முன்பணம் என்பவரிடம் எண்ணையும் கேட்க வேண்டாம்.

கீழ்ப்பாக்கத்துக்குப் போனால் உள்ளே போட்டுவிடுவார்களா?

இந்தப் பயம் சினிமா கொடுத்தது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிச் சொல்லி ஓர் ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனை 1794-ல் தொடங்கியது, 1871-ல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. இன்று அதன் பெயர் மனநல மருத்துவ நிலையம். காலையில் ஓ.பி.க்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு மதியம் வீட்டில் சோறு தின்பவர்கள் அங்கே ஏராளம்.

மேலே சொன்ன 2017 சட்டப்படி பார்த்தாலும், நீங்களாக விரும்பிச் சேர்ந்தால் நீங்களாகக் கேட்டு வெளியே வரலாம். வெளியே அனுப்பினால் ஆபத்து என்று மருத்துவர் நினைத்தால் 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்துப் பரிசோதிக்க மட்டுமே முடியும். உங்கள் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அதுவும் முதல் முறை 30 நாளுக்கு மேல் கூடாது. புருஷனுக்குப் பிடிக்கவில்லை, அண்ணன் சொத்துக் கேட்கிறான் என்பதற்காகவெல்லாம் ஒருவரைப் பிடித்துப் போட முடியாது. நீங்கள் சொன்னதை மருத்துவர் உங்கள் முதலாளியிடமோ மாமியாரிடமோ போய்ச் சொல்லவும் கூடாது, ரகசியம் காப்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

மாத்திரை பற்றிப் பயமாக இருக்கிறது. அடிமையாகிவிடுவோமா? அரசு மாத்திரை வேலை செய்யுமா?

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டும் இருக்கிறேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குத் தரும் எசிட்டலோப்ராம், ஃப்ளூஆக்ஸெடின் மாதிரியான மாத்திரைகள் போதை தருபவை அல்ல. வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். நாலாம் நாளே 'ஒண்ணும் கேக்கலையே' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும் ஆபத்து இருப்பது சில தூக்க மாத்திரைகளுக்கு. அவற்றை மருத்துவர் சொன்ன நாளைத் தாண்டித் தொடராதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்கியும் போடாதீர்கள்.

அரசு மருத்துவமனைக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தருகிறது. மருந்து அதேதான், கம்பெனி மட்டும் மாறிக்கொண்டிருக்கும். இதில் ஒரு சின்ன வம்பு உண்டு. ஒரு மாதம் தம்பிக்குக் கொடுத்த ரிஸ்பெரிடோன் வெள்ளை மாத்திரை, அடுத்த மாதம் மஞ்சளாக வந்தது. "இது வேற, என்னைக் கொல்லப் பாக்குறீங்க" என்று பத்து நாள் தொடவில்லை. அவனுக்கு இருக்கும் நோயில் சந்தேகமும் ஓர் அறிகுறிதானே. இப்போதெல்லாம் கவுன்ட்டரிலிருந்து விலகும் முன்பே பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அவன் கையில் கொடுத்து, பெயரையும் மில்லிகிராமையும் அவனையே படிக்கச் சொல்கிறேன். காலி அட்டையை வீசாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். லித்தியம் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும், அந்தப் பரிசோதனையையும் ஓ.பி.யிலேயே கேளுங்கள்.

சில மாதம் ஏதாவது ஒரு மாத்திரை 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ பாருங்கள், வெளிக்கடையைவிட நன்றாகவே குறையும். தீர்ந்துபோன பிறகு ஓடாமல், அஞ்சு நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே போய்விடுவது நல்லது.

எல்லாம் இலவசம் என்றாலும் போக வரக் காசு வேண்டுமே?

இதை யாரும் பேசுவதில்லை. சிகிச்சை பாதியில் நிற்பதற்குப் பல வீடுகளில் காரணம் நோய் அல்ல, பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை, எனவே எனக்குச் செலவு போயிற்று, தம்பிக்கு மட்டும்தான் டிக்கெட். பிறகு அவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினோம். அதுவும் போயிற்று.

அந்த அட்டை மனநோய்க்கும் உண்டா என்று ஆச்சரியப்படுகிறார்கள். உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. மருத்துவர் அதற்கான அளவுகோலை வைத்து மதிப்பிட்டு, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று சான்று தர வேண்டும். தற்காலிக மனச்சோர்வுக்கு இது கிடைக்காது, வருடக்கணக்காகத் தொடரும் நோய்க்குத்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் அதே அட்டைதான் அடிப்படை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். நாங்கள் நாலு தடவை நடந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜெராக்ஸ் குறைந்தது.

மாமா குடியை விட வேண்டும். அதற்கும் இதே இடமா?

அதே மனநலப் பிரிவுதான். நாளெல்லாம் குடித்தவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே சரி. அதற்கப்புறம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். கட்டணமே கிடையாது, விருப்பப்பட்டால் பையில் எதையாவது போடலாம். தமிழிலேயே நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. அத்தைக்கும், குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் என்று தனியாக உண்டு. மாமா போவாரோ இல்லையோ, நீங்கள் அத்தையை அனுப்புங்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். எங்கள் அம்மா குணசீலத்துக்கு வேண்டிக்கொண்டு அவனை ஒரு மண்டலம் அங்கே வைத்திருந்தார். அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: மாத்திரை டப்பாவும் கூடப் போகட்டும். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது பிரார்த்தனையோடு அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. அது வருவதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம். எந்தச் சாமியின் பெயரால் ஆனாலும் கட்டிப்போடச் சொல்லும் இடத்திலிருந்து ஆளைக் கூட்டி வந்துவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் நானாக என்ன செய்யலாம்?

மூச்சுப் பயிற்சி செய், நடை போ என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்கும்போது எரிச்சல்தான் வரும். எழுந்து பல் தேய்க்கவே முடியாதவரிடம் நடை பற்றிப் பேசுவது கொடுமை. எங்களுக்கு அந்தப் பயிற்சிப் பொண்ணு சொல்லிக்கொடுத்தது வேறு. ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி. எத்தனை மணிக்குத் தூங்கினான், செய்த ஒரே ஒரு வேலை என்ன, அதற்கப்புறம் மனசு பத்துக்கு எத்தனை. 'மாட்டுக்குத் தண்ணி காட்டினேன் – 3' என்றுதான் தம்பியின் முதல் வரி இருக்கும். இரண்டு மாதத்தில் அந்த நோட்டைப் பார்த்தே, மாட்டுக் கொட்டகைக்குப் போன நாட்களில் எண் ஒன்று கூடுகிறது என்று அவனே கண்டுபிடித்தான். மருத்துவரிடம் காட்டவும் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை, அவர் முப்பது நாளை அரை நிமிஷத்தில் படித்துவிடுகிறார்.

இலங்கையில் இருக்கிறேன். எனக்கு?

அங்கும் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926, சி.சி.சி. லைன் என்ற இன்னோர் உதவி எண் 1333. யாழ்ப்பாணப் பக்கம் என்றால் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சாந்திகம் என்ற அமைப்பும் உண்டு. அங்கே கவுன்சிலிங் என்று கேட்பதைவிட உளவளத்துணை என்று கேட்டால் உடனே புரியும். பிரதேச செயலகங்களில் அதற்கென்றே உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

சரி, நாளைக்கே போகலாமா?

நாளை திங்கட்கிழமை என்றால் வேண்டாம், ஞாயிறு விட்ட கூட்டமும் சேர்ந்துகொள்ளும். செவ்வாய் போங்கள். அரைத் தாள், ஒரு பேனா, தண்ணீர் பாட்டில், கூட ஓர் ஆள். கூட வர யாருமில்லையென்றால் மாத்திரை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் அம்மாவிடம் "இடத்தைப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அறைக்குப் போகலாம். பார்த்துக்கொள்வார்கள்.